நினைவகம் போதாதபோது வட்டு ஒன்றுதான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் தரவுத்தளங்களின் வேகம் குறித்து வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்துவருகிறேன். கடினமான பொருளைப் பொதுவாசகருக்கும் விளங்கும்படி எழுதுவது எளிதன்று. கட்டுரையாளர் அதைப் பெருமளவு சாதித்திருக்கிறார். ஆயினும் அண்மைப் பகுதியில் இடம்பெற்ற இரண்டு கூற்றுகளை மறுக்காமல் விட முடியவில்லை. தரவைச் சுருக்கி வைப்பது வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் உத்தி மட்டுமே, வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கப்படும் கேள்வி, ஓடும்போது அது வேகத்தைக் குறைக்கவே செய்யும் என்பது ஒன்று. வினவலுக்கு நினைவகம் போதாவிட்டால் கூடுதல் நினைவகம் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்பது மற்றொன்று. சுருக்கிய தரவை முழுதாக விரிக்காமல் கணினியால் அதைக் கொண்டு எதுவும் செய்ய இயலாது என்ற எண்ணமே இவ்விரண்டுக்கும் அடிப்படை. தரவுத்தளப் பராமரிப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த எண்ணம் ஏன் சரியன்று என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். இத்தகைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் பல நிறுவனங்களில் எந்த இயந்திரம் வாங்குவது என்று முடிவெடுக்கிறார்கள்.

வினவல் ஓடும்போது நினைவகம் இருவகைப் பணிகளுக்குப் பயன்படுகிறது. வட்டிலிருந்து படித்த அட்டவணைப் பக்கங்களை, அதாவது தரவுத்தளம் தரவைப் பிரித்து வைக்கும் நிலையான அளவுத் துண்டுகளை, தேக்கி வைக்கும் பஃபர் பகுதி ஒன்று. வரிசைப்படுத்தவும், இரண்டு அட்டவணைகளை இணைக்கவும், குழுக்களாகத் தொகுத்துக் கூட்டவும் ஒவ்வொரு வினவலும் தனக்கென எடுத்துக்கொள்ளும் வேலையிடம் மற்றொன்று. சுருக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறது. அதிலும்கூடத் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் நடைமுறை மாறுகிறது. எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த பக்கச் சுருக்க வசதியில், சுருக்கிய பக்கம் நினைவகத்திலும் சுருக்கிய நிலையிலேயே இருக்கும். கேட்கப்படும் மதிப்புகள் மட்டும் அவ்வப்போது விரிக்கப்படும். ஆகவே அதே அளவு நினைவகத்தில் கூடுதல் பதிவுகள் தங்கும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி என்ற சேமிப்பு இயந்திரத்திலோ, சுருக்கிய அட்டவணையின் பக்கம் நினைவகத்துக்கு வரும்போது அதன் சுருக்கிய வடிவமும் விரித்த 16 கேபி வடிவமும் அருகருகே இருக்க நேரிடும். வட்டில் இடம் மிச்சமாகும். நினைவகத்திலோ சில வேளைகளில் கூடுதல் இடம் பிடிக்கும். கட்டுரையாளரின் அனுபவம் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்ததாக இருந்திருந்தால், அவர் அந்த முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

எனினும் என் கடிதத்தின் முதன்மைப் பொருள் வேலையிடம்தான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு வரிசைப்படுத்தலுக்கு இயல்பாக ஒதுக்கப்படும் வேலையிடம் 4 எம்பி. அதற்குள் அடங்காத தரவு வட்டிலுள்ள தற்காலிகக் கோப்புகளுக்கு வழிந்துவிடுகிறது. வினவல் எப்படி ஓடியது என்பதைக் காட்டும் எக்ஸ்ப்ளைன் அனலைஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், வரிசைப்படுத்தும் முறை ‘எக்ஸ்டெர்னல் மெர்ஜ்’ (பகுதி பகுதியாக வரிசைப்படுத்தி வட்டில் எழுதிவிட்டுப் பின்னர் ஒன்றுசேர்த்தல்) என்றும், அதையடுத்து ‘டிஸ்க்: 215040 கேபி’ என்பதுபோல் ஓர் எண்ணும் நிற்கும். அந்த ஒரு வரிதான் வினவலின் மந்தத்துக்கான வாக்குமூலம். அதைக் கண்டதும், 210 எம்பி வழிந்திருக்கிறது, எனவே வேலையிடத்தை 210 எம்பி ஆக்கினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். போதாது. தற்காலிகக் கோப்பில் பதிவுகள் நெருக்கமாக எழுதப்படுகின்றன. நினைவகத்தில் அதே பதிவுகள் சுட்டிகளோடும் இடைவெளிகளோடும் அமர்வதால் கணிசமாக அதிக இடம் கேட்கின்றன. நினைவகத்தில் நாம் எவ்வளவு தாராளமாக இடத்தைச் செலவிடுகிறோம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதைக் கொண்டு பதிவின் இடத்தைக் கண்டறியும் ஹாஷ் இணைப்பிலும் இதுவே கதை. சிறிய அட்டவணையை நினைவகத்தில் ஹாஷ் அட்டவணையாகக் கட்டி, பெரிய அட்டவணையின் பதிவுகளை ஒவ்வொன்றாக அதில் தேடிப் பொருத்துவதே அந்த முறை. சிறியது என்று எண்ணியதும் நினைவகத்தில் அடங்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, மசாரு கிட்சுரெகாவாவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1983இல் விடை சொன்னார்கள்: இரு அட்டவணைகளையும் ஒரே ஹாஷ் விதிப்படி பல பாகங்களாகப் பிரித்து வட்டில் எழுதிவிட்டு, பின்னர் பாகம் பாகமாக எடுத்து இணைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே வந்த கலப்பு ஹாஷ் இணைப்பு, முதல் பாகத்தையாவது நினைவகத்தில் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை மட்டும் வட்டுக்கு அனுப்பலாம் என்று அதைத் திருத்தியது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றில் ஓடுவது இந்த ஏற்பாடுதான். நினைவகத்தில் இருப்பது, வட்டில் இருப்பது என்று இரண்டே நிலைகளை அது அறியும். சுருக்கிய வடிவில் நினைவகத்திலேயே இருப்பது என்ற மூன்றாம் நிலையை இடையில் நிறுத்த வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

கணக்கு இதை எந்த அளவுக்கு ஆதரிக்கிறது என்று பார்ப்போம். நினைவகத்தில் ஓர் இடத்தை அணுக ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகிறது. நல்ல எஸ்எஸ்டி வட்டில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சுமார் 100 மைக்ரோவினாடி; சுழலும் வட்டில் சுமார் 10 மில்லிவினாடி. எல்இசட்4 போன்ற வேகச் சுருக்க நிரல்கள் செயலியின் ஒரே கருவில் வினாடிக்குப் பல ஜிபி விரிக்கக்கூடியவை. அடக்கமாக வினாடிக்கு 2 ஜிபி என்று வைத்துக்கொண்டாலும், 8 கேபி பக்கம் ஒன்றை விரிக்க 4 மைக்ரோவினாடி போதும். எஸ்எஸ்டியிலிருந்து எடுப்பதைவிட இருபத்தைந்து மடங்கு விரைவு. சுழலும் வட்டோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு. 6 ஜிபி தேவைப்படும் இணைப்புக்கு 4 ஜிபி மட்டுமே ஒதுக்க முடிகிறது என்று கொள்வோம். தரவு பாதியாகச் சுருங்கும் தன்மையுடையதாக இருந்தால், முதல் பாகங்களை விரித்த நிலையிலும் எஞ்சியவற்றைச் சுருக்கிய நிலையிலும் வைத்து, வட்டைத் தொடாமலேயே அந்த இணைப்பை முடித்துவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கை இத்தோடு நிறுத்துவது நேர்மையாகாது. வழியும் தரவு ஒவ்வொரு பக்கமாகத் தாறுமாறாக எழுதப்படுவதில்லை. நீண்ட தொடராக எழுதப்பட்டு நீண்ட தொடராகவே படிக்கப்படுகிறது. எனவே தாமதத்தைக் காட்டிலும் வினாடிக்கு எவ்வளவு தரவு நகர்கிறது என்பதே இங்கே முக்கியம். என்விஎம்இ எனும் புதிய வகை எஸ்எஸ்டி வட்டுகள் வினாடிக்குச் சில ஜிபி வேகத்தில் தொடராக எழுதுகின்றன. எல்இசட்4 விரிக்கும் வேகத்தில் சுருக்குவதில்லை. ஒரு கருவில் சுருக்கும் வேகம் வினாடிக்கு அரை ஜிபியைச் சற்றுத் தாண்டும் அளவே. அத்தகைய வட்டைத் தனியாக அனுபவிக்கும் ஒற்றை வினவலுக்கு, ஒரே கருவை வைத்துக்கொண்டு சுருக்குவதைவிட நேராக வட்டில் எழுதிவிடுவது விரைவாகவே இருக்கலாம். கட்டுரையாளரின் கூற்று பொருந்தும் இடம் இது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடைமுறையில் வட்டை எந்த வினவலும் தனியாக அனுபவிப்பதில்லை. பத்து வினவல்கள் ஒரே நேரத்தில் வழியும்போது அந்த வேகம் பங்கிடப்படுகிறது. தரவில் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை எழுதும் பணியும் அதே வட்டை நம்பியிருந்தால் அந்த மாற்றங்கள்கூடக் காத்திருக்க நேர்கிறது. மேகக் கணினிகளில் வட்டு என்பது பெரும்பாலும் வலையமைப்பின் மறுமுனையில் இருப்பது. அதன் வேகத்துக்கு வரம்பும் விதிக்கப்பட்டிருக்கும். அங்கே செயலியின் கருக்கள் சும்மா இருக்க வினவல் வட்டுக்காகக் காத்துக்கிடப்பதை அன்றாடம் காண்கிறோம். சுருக்கியதையும் மீறி வழிய நேர்ந்தால், சுருக்கிய வடிவிலேயே எழுதினால் வட்டின் சுமையும் அதே விகிதத்தில் குறையும். பெருந்தரவைச் செயலாக்கும் மென்பொருளான அப்பாச்சி ஸ்பார்க் தன் வழிதல் கோப்புகளை இயல்பாகவே சுருக்கித்தான் எழுதுகிறது.

இதுவரை சொன்னது, தரவை மூட்டையாகச் சுருக்கிப் பின்னர் மூட்டையாக விரிக்கும் பொதுவகைச் சுருக்கம். லெம்பெலும் ஜிவ்வும் 1977இலும் 1978இலும் வெளியிட்ட முறைகளின் வழித்தோன்றல்கள் அவை. தரவுத்தளத்துக்கு அதைவிடப் பொருத்தமான வழி வேறொன்று உண்டு. 1991இல் கோட்ஸ் கிரேஃபேயும் லெனார்ட் ஷாபிரோவும் எழுதிய ஆய்வுரை, தரவைக் கூடிய மட்டும் சுருக்கிய வடிவிலேயே வினவலின் படிகள் வழியாக நடத்திச் சென்று, கடைசிக் கட்டத்தில் மட்டும் விரிக்கலாம் என்று காட்டியது. ஒரே மதிப்பு எப்போதும் ஒரே குறியீடாகச் சுருக்கப்படுமானால், இரு மதிப்புகள் சமமா என்று அறிய அவற்றை விரிக்க வேண்டியதில்லை. குறியீடுகளை ஒப்பிட்டாலே போதும். இணைப்பும், குழுவாகத் தொகுத்தலும், இரட்டிப்பு நீக்கலும் சமத்துவத்தைச் சோதிப்பவைதாம்.

இதைக் கண்ணெதிரே வைத்துப் பார்க்கலாம். ஆணைகளைப் பதிந்துவைக்கும் ஓர் அட்டவணையில் 1 கோடி பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆணையும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு நெடுவரிசை சொல்கிறது. பெறப்பட்டது, அனுப்பப்பட்டது, ரத்தானது என்பதுபோல் மொத்தம் ஆறே மதிப்புகள். ஒரு மதிப்புக்குச் சராசரியாக 9 பைட் என்றால் அந்த நெடுவரிசை 90 எம்பி பிடிக்கும். ஆறு மதிப்புகளையும் ஒரு சிறிய அகராதியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 3 பிட் கொண்ட ஓர் எண்ணைக் குறியீடாகக் கொடுத்தால் அதே நெடுவரிசை 4 எம்பிக்கும் குறைவாக, அதாவது 3.75 எம்பியில் அடங்கிவிடும். இருபத்து நான்கு மடங்கு குறைவு என்பதோடு பயன் முடிவதில்லை. நிலைவாரியாக ஆணைகளை எண்ணச் சொன்னால், சொற்களுக்கு ஹாஷ் கணக்கிட்டுத் தேட வேண்டிய தேவையே எழாது; ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு வரிசையை வைத்துக்கொண்டு, குறியீட்டு எண்ணுக்குரிய கட்டத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகலாம். சொல்லின் ஒரு பகுதியைத் தேடும் நிபந்தனையாக இருந்தால், அகராதியின் ஆறு சொற்களிலும் ஒருமுறை தேடிவிட்டு, பொருந்திய குறியீடுகளை மட்டும் நெடுவரிசையில் பார்த்தால் போதும். அகராதியை அகர வரிசையில் அமைத்துவிட்டால், இதற்கு மேல், இதற்குக் கீழ் என்ற வீச்சு நிபந்தனைகளும் எண்களின் ஒப்பீடாகிவிடுகின்றன. சுருக்கம் வேகத்தைக் குறைக்கும் என்ற கூற்று இங்கே தலைகீழாகிறது: படிக்க வேண்டியதும் குறைகிறது, செய்ய வேண்டியதும் குறைகிறது.

இந்த எண்ணம் ஆய்வுத்தாள்களோடு நிற்கவில்லை. நெடுவரிசை நெடுவரிசையாகத் தரவைச் சேமிக்கும் சி-ஸ்டோர் என்ற தரவுத்தளம் 2005இல் வெளிவந்தது. அதில் சுருக்கத்தையும் வினவல் நிறைவேற்றத்தையும் ஒன்றாகப் பிணைப்பது குறித்து டேனியல் அபாடி, சாமுவேல் மேடன், மிகுவேல் ஃபெரைரா ஆகியோர் 2006இல் எழுதினார்கள். அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள சிடபிள்யூஐ ஆய்வுக்கூடத்தில் மார்சின் ஜுகோவ்ஸ்கி, பீட்டர் போன்ட்ஸ் முதலியோர் இன்னொரு படி மேலே சென்றார்கள். வட்டிலிருந்து நினைவகத்துக்கு வரும்போதே விரித்துவிடும் பழைய வழக்கத்தை அவர்கள் கைவிட்டார்கள். தரவு நினைவகத்திலும் சுருங்கியே இருக்கும். செயலி அதைத் தொடப்போகும் தறுவாயில், சிறு சிறு துண்டுகளாக, செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய அதிவேக நினைவகமான கேஷுக்குள் மட்டும் விரிக்கப்படும். வேலை முடிந்ததும் அந்த விரித்த நகல் நினைவகத்துக்குத் திரும்பி எழுதப்படுவதே இல்லை. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலுள்ள பாதையும் குறுகலானதே என்பதை உணர்ந்த வடிவமைப்பு அது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த எண்ணமும் இதுவே. எஸ்ஏபி ஹானா, டக்டிபி உள்ளிட்ட பல தரவுத்தள அமைப்புகளில் அகராதி முதலிய எடை குறைந்த சுருக்க முறைகள் இன்று வழக்கமான பகுதியாகிவிட்டன.

ஆனால் படிக்கும் பக்கம் இவ்வளவு முன்னேறியபோதும், நான் மேலே சொன்ன வேலையிடத்தில் அதே அளவு அக்கறை காட்டப்படவில்லை என்பதே என் குறை. பல அமைப்புகளில், சுருங்கிய நெடுவரிசையாக வந்த தரவு வரிசைப்படுத்தலையோ இணைப்பையோ அடைந்ததும் முழு அகலப் பதிவாக விரிந்துவிடுகிறது; சேமிப்பில் மிச்சப்படுத்தியதை வேலையிடத்தில் இழக்கிறோம். அங்கே சுருக்குவது கடினம் என்பது உண்மை. ஹாஷ் அட்டவணையில் தேடல் எந்த மூலையில் போய் விழும் என்று சொல்ல முடியாது. அதை 8 கேபி மூட்டைகளாகச் சுருக்கி வைத்தால் ஒரே ஒரு பதிவுக்காக முழு மூட்டையையும் விரிக்க நேரும். ஆகவே தேடல் நடந்துகொண்டிருக்கும் பாகத்தை மூட்டையாகச் சுருக்கக் கூடாது. தன் முறைக்காகக் காத்திருக்கும் பாகங்களைச் சுருக்கலாம். தேடப்படும் திறவுமதிப்பைத் தனியாகவும், பொருந்தினால் மட்டும் தேவைப்படும் மற்ற விவரங்களைத் தனியாகவும் பிரித்து, பின்னதை மட்டும் சுருக்கலாம். வரிசைப்படுத்தலில் வாய்ப்பு இன்னும் அதிகம். வரிசையாகிவிட்ட பதிவுகளில் அடுத்தடுத்த மதிப்புகளின் முற்பகுதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். முந்தையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை மட்டும் எழுதினால், சுருக்கமும் ஆகிறது, ஒன்றுசேர்க்கும்போது ஒப்பிடும் வேலையும் குறைகிறது. தொகுத்துக் கூட்டும் பணியில் மாத்திரம் எனக்கும் தயக்கம் உண்டு. அங்கே கூட்டுத்தொகைகள் கணந்தோறும் மாறுவதால், சுருக்கிய மதிப்பு தன் இடத்தைவிட்டு வளர்ந்துவிடும் தொல்லை தீராது.

இதற்கு ஒரு மாற்று உண்டே என்று சிலர் கேட்கலாம்: நினைவகத்தைச் சுருக்கும் பொறுப்பை இயங்குதளத்திடமோ வன்பொருளிடமோ விட்டுவிட்டால் தரவுத்தளத்தை மாற்றாமலேயே பயன் கிடைக்காதா? அந்த முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஐபிஎம் நிறுவனம் 2000இல் எம்எக்ஸ்டி என்ற பெயரில் வன்பொருள்வழி நினைவகச் சுருக்கத்தை அறிவித்தது. 2010இல் வந்த பவர்7 இயந்திரங்களில் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தின் வழியாக அதே நோக்கத்தை வேறு விதத்தில் செயல்படுத்தியது. நினைவகத்தைச் சுருக்கும் ஸீ-ஸ்வாப், ஸீ-ராம் என்ற வசதிகள் முறையே 2013இலும் 2014இலும் லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலில் (கெர்னலில்) இணைந்தன. மேக் கணினிகள் 2013 முதலும், விண்டோஸ் 10 வெளிவந்த 2015 முதல் விண்டோஸ் கணினிகளும் இதைச் செய்கின்றன. மேசைக் கணினிக்கு இவை நல்ல ஏற்பாடுகள். தரவுத்தளத்துக்கு இவை போதா.

காரணம் இதுதான். நெடுநேரம் தொடப்படாத பக்கம் இனியும் தேவைப்படாது என்பதே இயங்குதளத்தின் பொதுவான ஊகம். வரிசைப்படுத்தலில் அது பொய்த்துப்போகிறது: முதலில் எழுதிவைத்த பதிவுத்தொகுதியைத் தொட்டு வெகுநேரம் ஆகியிருக்கும், ஆனால் ஒன்றுசேர்க்கும் கட்டம் தொடங்கிய அந்த நொடியே அதன் முதல் பக்கம் தேவைப்படும். ஹாஷ் இணைப்பில் எந்தப் பாகம் இப்போது வேண்டும், எது ஏழாவதாக வரும் என்பது வினவல் இயந்திரத்துக்கு ஊகமாக அன்றி உறுதியாகவே தெரியும். இயங்குதளத்துக்கு அது தெரிய வழியே இல்லை. எந்த நெடுவரிசையில் ஆறே மதிப்புகள் இருக்கின்றன என்பதும் அதற்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாம் வெறும் பைட்டுகள். தரவுத்தளம் ஏற்கெனவே சுருக்கி வைத்த பக்கத்தை மீண்டும் சுருக்க முயன்று செயலியின் நேரத்தை வீணாக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று நம்பி வினவல் திட்டத்தை வகுத்த தரவுத்தளத்துக்கு, அதன் ஒரு பகுதி சத்தமில்லாமல் மந்தமாகிவிட்டது என்ற செய்தி எட்டுவதே இல்லை. ஒருநாள் விரைவாகவும் மறுநாள் மந்தமாகவும் ஓடும் வினவலைவிடப் பராமரிப்பவருக்குப் பெருந்தொல்லை வேறில்லை.

ஆகவே முடிவெடுக்க வேண்டியது வினவல் இயந்திரமே. அதிலும் வினவலுக்குத் திட்டம் வகுக்கும் பகுதி. இதை ஜியுவான் சென், யோஹானஸ் கெர்கே, ஃபிளிப் கோர்ன் ஆகியோர் 2001இலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். நினைவகத்துக்கு வந்ததும் விரித்துவிடுவது, தேவைப்படும்போது விரித்து அதன்பின் விரித்த நிலையிலேயே வைத்திருப்பது, தேவைப்படும் அந்தக் கணத்துக்கு மட்டும் விரித்துவிட்டு அடுத்த படிக்குச் சுருக்கிய வடிவத்தையே அனுப்புவது என்று அவர்கள் வேறுபடுத்திக் காட்டினார்கள். மூன்றாவது வழியில் ஒரே மதிப்பு பலமுறை விரிக்கப்படலாம். இரண்டாவதில் இடைநிலை முடிவுகள் பெருத்துப்போய் வட்டுக்கு வழியலாம். எது மேல் என்பது வினவலுக்கு வினவல் மாறும் என்பதால், விரிப்பதற்கான செலவையும் திட்டமிடும் பகுதி தன் கணக்கில் சேர்க்க வேண்டும். சுருக்கத்தைப் பற்றி ஒன்றும் அறியாத திட்டமிடல், சுருக்கிய தரவின் மீது மோசமான திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழியைச் சுருக்கத்தின் மேல் போட இடம் கொடுக்கிறது. கட்டுரையில் காட்டப்பட்ட மந்தத்துக்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எவ்வளவு சுருங்கும் என்பது முன்கூட்டித் தெரியாதே என்பது நியாயமான வினா. அட்டவணைகளுக்குப் புள்ளிவிவரம் உண்டு. இரண்டு இணைப்புகளைக் கடந்து வரும் இடைநிலைத் தரவுக்குப் பெரும்பாலும் இல்லை. பதிவுகளுக்கு அடையாளமாகத் தற்செயல் முறையில் உருவாக்கப்படும் 16 பைட் யூயுஐடி எண்களில் 122 பிட்டுகள் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவை. அவற்றை எந்த நிரலாலும் குறிப்பிடத்தக்க அளவு சுருக்க முடியாது. மறையாக்கம் செய்த தரவும், ஏற்கெனவே சுருங்கிய படக்கோப்புகளும் அப்படியே. ஆனால் இதற்குத் தீர்வு எளிது. முதல் சில பாளங்களைச் சுருக்கிப் பார்த்து, ஐந்தில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால் அந்த நெடுவரிசையை அதன்போக்கில் விட்டுவிடலாம். அதனால் இழப்பது மிகச் சிறிது. செயலி ஏற்கெனவே திணறும் இயந்திரத்தில் இந்த அளவுகோலை இன்னும் கடுமையாக்கிக்கொள்ளலாம்.

தரவுத்தளங்களை உருவாக்குவோரிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளும் உண்டு. வினவல் அறிக்கையில் வட்டுக்கு வழிந்த அளவைக் காட்டுவதுபோலவே, வேலையிடத்தில் எவ்வளவு தரவு சுருக்கி வைக்கப்பட்டது, என்ன விகிதத்தில் சுருங்கியது, சுருக்கவும் விரிக்கவும் செயலியின் நேரம் எவ்வளவு ஆனது என்ற மூன்று எண்களையும் ஒவ்வொரு படியிலும் காட்ட வேண்டும். அந்த எண்கள் இல்லாதவரை, சுருக்கம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் அவரவர் பழக்கத்தைப் பொறுத்தே நடந்துகொண்டிருக்கும்.

தொடரின் ஆசிரியரிடம் நான் வேண்டுவது, அடுத்துவரும் பகுதிகளில் ஒன்றிலேனும் வாசகர்கள் நினைவகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை எடுத்துச்சொல்லுமாறு. வினவல் உண்மையில் வட்டுக்கு வழிகிறதா என்பதை அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டும். வழியாத வினவலுக்கு நினைவகத்தைக் கூட்டினாலும் பயனில்லை, சுருக்கினாலும் பயனில்லை. வழிகிறது என்றால், வரிசைப்படுத்தலுக்குள் நுழையும் பதிவின் அகலத்தைப் பார்க்க வேண்டும். எல்லா நெடுவரிசைகளையும் நட்சத்திரக் குறியிட்டு அழைத்துவிட்டு, இறுதியில் மூன்றை மட்டும் பயன்படுத்தும் வினவல்கள் எங்கும் மலிந்திருக்கின்றன. தேவையற்ற நீண்ட உரைப் பகுதிகளை வரிசைப்படுத்தலுக்கு முன்பே விலக்கிவிட்டு, அவற்றைக் கடைசியில் தேர்வான பதிவுகளுக்கு மட்டும் எடுத்துச் சேர்த்தாலே வேலையிடம் பல மடங்கு சுருங்கும். இதற்கு எந்தச் சுருக்க நிரலும் வேண்டியதில்லை. அதன் பின்னும் வழிந்தால், தாம் பயன்படுத்தும் தரவுத்தளம் வேலையிடத்தையும் வழிதல் கோப்புகளையும் சுருக்கும் வசதி தருகிறதா என்று பார்த்து, வழக்கமான சுமையின் கீழ் அதை இயக்கியும் இயக்காமலும் அளந்து ஒப்பிடலாம். நினைவகத்துக்கான கொள்முதல் ஆணை அதற்கு அடுத்த படியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்